ஐஸ் வைக்கிறார்கள் என்று தெரிந்தும் உச்சி குளிர்கிறதே, ஏன்?

கேள்வி: மேடம், உங்கள் பதில்களை விடாமல் படிப்பவன் நான். மனித மனதை உங்களைப் போல் நுணுக்கமாகப் புரிந்துகொண்டவர்கள் இன்று யாரும் இல்லை. எனக்கு 52 வயது. ஒரு நிறுவனத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவர். என்னிடம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என்னை வாய்க்கு வாய் புகழ்கிறார். "சார், நீங்க எடுக்கிற மாதிரி முடிவு எடுக்க இங்க யாருக்கும் தைரியம் கிடையாது" என்பார். திறமையான பையன்தான், புது ப்ராஜெக்ட்டின் பொறுப்பைக்கூட அவரிடமே கொடுத்திருக்கிறேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பழைய நண்பர் ஒருவர் முன்பெல்லாம் எல்லாவற்றுக்கும் என்னோடு மல்லுக்கு நிற்பார். இப்போது மீட்டிங்கில் அதிகம் பேசுவதில்லை, வயதாகிவிட்டது போல. என் மனைவி, "அந்தப் பையன் உங்களுக்கு நல்லா ஐஸ் வைக்கிறான்" என்று சிரிக்கிறாள். எனக்கும் தெரிகிறது. ஆனாலும் அவர் லீவு போட்ட நாள் என்னவோ மாதிரி இருக்கிறது. போன மாதம் ஓர் அமைப்பிலிருந்து, சிறந்த தலைவருக்கான விருதுக்கு நான் தேர்வாகியிருப்பதாகக் கடிதம் வந்தது; பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். அந்த இளைஞர் உண்மையாகவே என்னை மதிக்கிறாரா, நடிக்கிறாரா, எப்படிக் கண்டுபிடிப்பது? விருதுக்குப் பணம் கட்டலாமா? தெரிந்தே மயங்குகிறேனே, நான் முட்டாளா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முட்டாள் இல்லை. உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியை நான் இரண்டு தடவை படித்தேன். எழுதியவருக்கு என்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் உள்ளே நுழையும்போதே கையில் மாலையோடு வருகிறார் என்று நன்றாகத் தெரிந்தும் படித்தேன். இத்தனைக்கும் மனித மனதைப் படிப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே இந்த விஷயத்தில் நீங்களும் நானும் ஒரே பெஞ்சு.

ஆனால் "தெரிந்தே மயங்குகிறேனே" என்ற வரிக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மயங்குகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள், விவரம் தெரிந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை. அது நடப்பதில்லை. எலைன் சான், ஜெய்தீப் சென்குப்தா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கடையின் விளம்பரத் தாளைக் காட்டுகிறார்கள், அதில் படிப்பவரின் உடை ரசனையை ஆகா ஓகோ என்று புகழ்ந்து எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே வரிகள், அச்சடித்தவனுக்குப் படிப்பவர் யாரென்றே தெரியாது. நேரடியாகக் கேட்டால் "இது வியாபாரத் தந்திரம்" என்று கண்டுபிடித்துக் கடைக்கான மதிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் யோசித்துச் சொல்ல அவகாசம் தராமல் உள்ளே இருக்கும் விருப்பத்தை மறைமுகமாக அளந்து பார்த்தபோது, அந்தக் கடைமேல் ஒரு பிரியம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கண்டுபிடித்த மனதும் குளிர்ந்த மனதும் ஒரே ஆளுக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தன, ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்கவே இல்லை.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. 1997-ல் பி. ஜே. ஃபாக், கிளிஃபோர்ட் நாஸ் இருவரும் கணினியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலரிடம், கணினி உங்கள் வேலையை மதிப்பிட்டுத்தான் பாராட்டுகிறது என்றார்கள். வேறு சிலரிடம், அந்தப் பாராட்டுக்கும் நீங்கள் செய்ததற்கும் சம்பந்தமே கிடையாது, முன்கூட்டியே எழுதி வைத்தது என்று சொல்லியே விட்டார்கள். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு சந்தோஷப்பட்டது! இயந்திரம், அதுவும் பொய் சொல்கிறது என்று அறிவித்த இயந்திரம். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். கேட்பவர் எதைச் சொன்னாலும் அளவுக்கு மீறித் தாளம் போடுகிறது என்பதுதான் அதன்மேல் இருந்த புகார். நமக்கு எது பிடித்திருக்கிறது என்று நாமே திரையில் பொத்தானைத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தால் இயந்திரமும் ஜால்ரா கற்றுக்கொள்கிறது. உங்கள் அலுவலகத்து இளைஞர் கற்றுக்கொண்டதில் என்ன ஆச்சரியம்.

ஏன் இப்படி என்றால், புகழ்கிறவர் நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. நாம் ஏற்கெனவே நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதைத்தான் சத்தமாக வாசிக்கிறார். ஓலா ஸ்வென்சன் 1981-ல் வண்டி ஓட்டுபவர்களிடம் கேட்டார்: உங்கள் கூட்டத்தில் நீங்கள் எத்தனை திறமையான ஓட்டுநர்? அமெரிக்கக் குழுவில் 93 சதவீதம் பேர் தங்களைப் பாதிக்கு மேலே வைத்துக்கொண்டார்கள். பாதிக்கு மேலே பாதிப் பேர்தான் இருக்க முடியும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார். 39 மாணவர்களுக்கு ஒரு மனத்தேர்வு வைத்து, "இது உனக்கே உனக்கான மதிப்பீடு" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே எழுத்துதான், ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. உனக்குள் இன்னும் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது என்று அதில் ஒரு வரி வரும். அதை இல்லையென்று மறுக்கிற ஒரு மனிதரை என் அறையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

"நீங்க எடுக்கிற மாதிரி முடிவு எடுக்க யாருக்கும் தைரியம் கிடையாது" என்பதும் அந்த ஜாதகத் தாளில் இருக்க வேண்டிய வரிதான். எந்த முடிவு, எப்போது, எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் அதில் கிடையாது. எந்தத் தலைவரின் சட்டைப்பையில் வேண்டுமானாலும் செருகலாம்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மதிக்கிறாரா, நடிக்கிறாரா? அதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மெனக்கெடவும் வேண்டாம். ரோஸ் வோங்க் என்ற டச்சு உளவியலாளர் இதையே துருவித் துருவி ஆராய்ந்தவர். 2002-ல் அவர் காட்டியது: புகழப்படுகிறவருக்குப் புகழ்கிறவரைப் பிடித்துப்போகிறது, பக்கத்தில் நின்று அதையே கேட்கிறவருக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதே வார்த்தைகள், அதே ஆள். காது மட்டும் வேறு. உங்கள் மனைவிக்குச் சிரிப்பு வருகிறதே, அது உங்களைவிட அவருக்கு மனித மனம் அதிகம் புரிந்ததால் என்று இல்லை (புரிந்தும் இருக்கலாம்), புகழ்ச்சி அவரை நோக்கி வரவில்லை என்பதால். உங்கள் பிரிவில் இருக்கிற அத்தனை பேரும் அவர் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் மேடையில் இருக்கிறீர்கள்.

அதே வோங்க் 1998-ல் செய்த ஆய்வு இன்னும் உதவும். மேலே இருப்பவரிடம் குழைந்து கீழே இருப்பவரிடம் கடுகடுக்கிற ஆளைப் பார்ப்பவர்கள் சட்டென்று அடையாளம் கண்டு வெறுக்கிறார்கள். ஆகவே அந்த இளைஞர் உங்களிடம் எப்படி இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களிடமும், அவருக்கு எந்த விதத்திலும் உதவ முடியாதவர்களிடமும் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அங்கேயும் இதே உற்சாகமும் இதே தாராளமான பாராட்டும் இருந்தால், அவர் சுபாவமே அப்படி, வாய் ஓயாத நல்ல பிள்ளை, விடுங்கள். அங்கே வேறு முகம் இருந்தால் உங்கள் கேள்விக்கு பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் உண்மையில் எனக்கு அந்த இளைஞர்மேல் பெரிய ஆர்வம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடங்கள் வேறு, இரண்டையும் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒன்று, "புது ப்ராஜெக்ட்டின் பொறுப்பைக்கூட அவரிடமே கொடுத்திருக்கிறேன்." இன்னொன்று, உங்கள் நண்பர் பேசுவதில்லை, "வயதாகிவிட்டது போல."

ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வயதாகியிருந்தால் உங்களுக்கும்தானே ஆகியிருக்கும்? உங்கள் பேச்சு குறைந்த மாதிரித் தெரியவில்லையே. எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்ற ஒரு மனிதர் திடீரென்று வாயை மூடிக்கொள்கிறார் என்றால், கடைசியாக அவர் வாயைத் திறந்தபோது என்ன நடந்தது என்று யோசியுங்கள். நீங்கள் கத்தியிருக்க மாட்டீர்கள். அனேகமாக, அவர் ஒரு குறையைச் சொன்னார், நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அடுத்து அந்த இளைஞர் ஏதோ சொன்னார், உங்கள் முகம் மலர்ந்தது. அவ்வளவு போதும். சுற்றி இருப்பவர்கள் நம் முகத்தை நாம் நினைப்பதைவிட நன்றாகப் படிக்கிறார்கள், சம்பளம் அதில் தொங்கும்போது இன்னும் நன்றாகவே படிக்கிறார்கள். அந்த அறையில் எதற்கு விலை இருக்கிறது, எதற்கு இல்லை என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விலையை வைத்தது அந்தப் பையன் இல்லை.

புகழ்கிறவர் பேசும்போது ஒன்றும் கெட்டுவிடுவதில்லை, அதைக் கேட்டு மற்றவர்கள் பேச்சை நிறுத்தும்போதுதான் கெடுகிறது. பார்க், வெஸ்ட்ஃபால், ஸ்டெர்ன் என்ற மூவர் 2011-ல் பெரிய நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுற்றி இருக்கும் நிர்வாகிகளின் முகஸ்துதியும், எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவதும் அதிகமாகக் கிடைத்த தலைவர்கள் தங்கள் முடிவுகள்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்தார்கள். வியாபாரம் சரிந்தபோதுகூடப் போகிற பாதையை மாற்றத் தயங்கினார்கள், சரிவும் நீடித்தது. அவர்களும் முட்டாள்கள் இல்லை. "சார், இது சரியா வராது" என்று சொல்கிற ஆள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே "அவர் மனதில் என்ன இருக்கிறது" என்ற கேள்வியை எடுத்து வைத்துவிட்டு ஒரு தாளில் வேறொன்றை எழுதிப் பாருங்கள். இந்தப் புகழ்ச்சி தொடங்கிய பிறகு அவருக்குக் கிடைத்தது என்னென்ன? எந்த வேலை, எந்தச் சலுகை, யாரைப் பற்றி அவர் சொன்ன எந்த அபிப்பிராயத்தை நீங்கள் விசாரிக்காமல் எடுத்துக்கொண்டீர்கள்? இந்த மூன்றாவது முக்கியம். நன்றாக ஐஸ் வைக்கத் தெரிந்தவர் தனக்காக எதையும் கேட்பதில்லை, இன்னொருவரைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார், அதுவும் உங்கள்மேல் இருக்கும் அக்கறையால் சொல்வதுபோல. அப்புறம், புது ப்ராஜெக்ட்டுக்குத் தகுதியான வேறு யார் இருந்தார்கள், அவர்களை ஏன் யோசிக்கவில்லை என்றும் எழுதுங்கள். எழுதி முடித்துப் பார்த்தால் எதுவுமே நகரவில்லை, அவருக்குக் கிடைத்தது எல்லாம் அவர் வேலையால் கிடைத்தது என்று தெரிந்தால், நல்லது, புகழ்ச்சியை ரசித்துவிட்டுப் போங்கள். நகர்ந்திருந்தால் அவர் நடித்தாரா இல்லையா என்பதில் இனி ஒன்றும் இல்லை, நீங்கள் நகர்ந்தீர்கள்.

நண்பரிடம் போக வேண்டும். போய், "மனம் விட்டுப் பேசு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மேலதிகாரி ஆகிவிட்ட நண்பர் அப்படிக் கேட்டால் யாருமே "எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருக்கு" என்றுதான் சொல்வார்கள், நானாக இருந்தாலும் அதையே சொல்வேன். நீங்கள் எடுத்த, இன்னும் மாற்ற முடிகிற ஒரு முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "நீயாக இருந்தால் இதை எப்படிச் செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். அவர் சொல்வார், ஒருவேளை கொஞ்சம் காரமாகவே. அப்போது உங்களுக்கு விளக்கம் சொல்லத் தோன்றும், நியாயமான விளக்கமாகவும் இருக்கும், சொல்லாதீர்கள். குறித்துக்கொண்டு வந்து, அவர் சொன்னதில் ஏதாவது ஒன்றையாவது மாற்றி, அவர் சொன்னதால் மாற்றினேன் என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது. இரண்டு மூன்று தடவை அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தால்தான் மற்றவர்களும் வாயைத் திறப்பார்கள், ஏனென்றால் முதல் தடவையை எல்லோரும் நாடகம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மீட்டிங்கில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் மீதி நேரம் முழுக்க அதன் எதிரொலியைத்தான் கேட்பீர்கள், அதைக் கேட்டு "எல்லோருக்கும் ஒத்த கருத்து" என்று வேறு சந்தோஷப்படுவீர்கள். யாராவது உங்களைப் பாராட்டிவிட்டு அதே மூச்சில் ஏதாவது கேட்டால் அன்றைக்குப் பதில் சொல்லாதீர்கள். மறுநாள் சொல்லலாம், ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. இதற்குப் பெரிய தத்துவம் எல்லாம் கிடையாது, தராசுத் தட்டில் விரல் இருக்கும்போது நிறுக்கக்கூடாது, அவ்வளவே.

அந்த இளைஞரைக் கூப்பிட்டு "உன் வேஷம் தெரிந்துவிட்டது" என்று அவமானப்படுத்தும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது இன்னொரு வகைத் தற்பெருமை, என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஊருக்கு அறிவிக்கிற ஆசை. பின்னால் ஆள் பலமோ, பல வருட அனுபவமோ இல்லாத ஒருவருக்குப் புகழ்ச்சிதான் கையில் இருக்கிற ஒரே காசு. அது உங்களிடம் செல்லுபடியானதால் செலவழித்தார். பயந்தும் செய்திருக்கலாம். அடுத்த தடவை புகழ்ந்தால், "நன்றி. இதில் சரியில்லாதது ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதலில் திகைப்பார். பிறகு, உங்களுக்கு வலிக்காத ஏதாவது ஒரு குறையைச் சொல்வார், "நீங்க ரொம்ப உழைக்கிறீங்க சார்" என்கிற மாதிரி. சிரித்துவிட்டு, "அது இல்லை, வேலையில் ஒரு தப்பு" என்று மறுபடி கேளுங்கள். உருப்படியாக ஒன்றைச் சொன்ன நாளில் அவரை மனதாரப் பாராட்டுங்கள், அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு நல்ல உதவியாளர் கிடைத்துவிடுவார். திறமையான பையன் என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்தத் திறமையை இவ்வளவு நாளும் உங்கள் முகத்தைப் படிப்பதில் செலவழித்திருக்கிறார்.

அவர் வராத நாள் என்னவோ மாதிரி இருக்கிறது என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். பாராட்டுக்கு ஏங்குவது நோய் இல்லை. வேறு எங்கிருந்தும் அது வராதபோது ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறோம், அதில்தான் ஆபத்து. வீட்டில் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கடிதத்தில் இல்லை. ரொம்ப நாளாயிற்று என்றால் மனைவியிடம் நேராகவே சொல்லலாமே, "நான் செய்வதில் உனக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் எப்போதாவது சொல்" என்று. கேட்டு வாங்கும் பாராட்டு மட்டம் என்று நினைக்கிறோம். நம்மிடம் எதுவும் எதிர்பார்க்காத ஒருவரிடம் கேட்டு வாங்குவது, கேட்காமலே வந்து குவிவதைவிட எவ்வளவோ மேல். நீங்களும் அவருக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள், அவர் சிரித்ததால்தான் இந்தக் கடிதமே வந்தது.

விருது. கட்டாதீர்கள். ஒரு விருதைப் பற்றிக் கேட்க வேண்டியது ரொம்பச் சுலபம்: பணம் கட்டாவிட்டாலும் தருவார்களா? தரமாட்டார்கள் என்றால் அவர்கள் விற்கிறார்கள், நீங்கள் வாங்குகிறீர்கள், 'தேர்வு' என்பது விளம்பர வாசகம். நடுவர்கள் யார், எதை வைத்து மதிப்பிட்டார்கள், உங்கள் வேலையைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். பதிலில் மறுபடியும் புகழ்ச்சியும் கடைசித் தேதியும்தான் இருக்கும். இந்த மாதிரி அமைப்புகள் ஒரே கடிதத்தைப் பேரை மட்டும் மாற்றி ஏகப்பட்ட பேருக்கு அனுப்புகின்றன, ஒவ்வொருவருக்கும் தோதாக ஒரு பிரிவும் தயாராக இருக்கும். ஃபோரரின் 39 தாள்கள்தான், கட்டணம் மட்டும் புதிது. கேடயத்துக்குத் தனி, விழாவில் கூட வருபவர்களுக்குத் தனி, விழா மலரில் படம் வரத் தனி என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள், முதல் தொகையைக் கட்டியவருக்குப் பின்வாங்கக் கூச்சமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். குறிப்பாக நிறுவனத்தின் பணத்தில் கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையைச் சொன்னவர் யார் என்பதையும் நான் மேலே கேட்ட தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் போன பணம் போகட்டும், இரண்டாவது தொகையை அனுப்பாதீர்கள். கேடயம் வந்து சேர்ந்தால் அலுவலக அறையில் வைக்க வேண்டாம், உங்கள் நண்பரிடம் பேசப்போகும் வாரத்தில் கண்டிப்பாக வேண்டாம்.